ஒரு தறப்பாளின் கீழ் ஓர் இரவு

பாடசாலை விடுமுறை தொடங்கினால் உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழத்தானே செய்யும்: "உம்மா, இந்த லீவுக்கு நாம எங்க போற?" உறவினர் வீடு, கடற்கரை, மிருகக்காட்சிசாலை என்று எல்லாம் பார்த்து முடித்த பிள்ளைகள் இப்போது காட்டையும் மலையையும் கேட்கிறார்கள். ஆற்றோரமாக ஓர் இரவு தங்க வேண்டும் என்கிறார்கள். ஹோட்டல் அறைக்குக் கொடுக்கும் பணத்தை எண்ணிப் பார்க்கும் வாப்பாமாரும் "அதுவும் நல்ல யோசனைதான்" என்று தலையசைத்து விடுகிறார்கள். ஆனால் இரவில் மழை பெய்தால் என்ன செய்வது? பிள்ளைகள் நனைந்தால்? பெண்கள் எங்கே உடை மாற்றுவது? இந்தக் கவலைகளெல்லாம் கடைசியில் வந்து சேர்வது நம் தலையில்தான், இல்லையா சகோதரிகளே?

இதை நான் பட்டறிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் மாத்தளைக்கு அப்பால், ரிவஸ்டன் பக்கமாக நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். முதுகுப் பைக்குள் அடங்கும் இலேசான தறப்பாள் ஒன்றை என் கணவர் வாங்கி வைத்திருந்தார். ஓடைக்கு அருகே பள்ளமான, புல் படர்ந்த அழகான இடம். கலியாண வீட்டுப் பந்தல் போல நான்கு மூலைகளையும் ஒரே உயரத்தில் கட்டி, மட்டமாக விரித்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரவு பத்து மணியளவில் மழை தொடங்கியது. விரிப்பின் நடுவே தண்ணீர் தேங்கி, பானை வயிறு போலத் தொங்கியது. ஒரு முளை பிடுங்கிக் கொண்டதும் அத்தனை தண்ணீரும் தூங்கிக் கொண்டிருந்த பிள்ளைகளின் மேல் கொட்டியது. இளைய மகளுக்குத் தொய்வு நோய். குளிரில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருந்துப் பம்ப் எந்தப் பையில் இருக்கிறது என்று இருட்டில் தேடிய அந்தப் பத்து நிமிடங்களை நான் மறக்கவே மாட்டேன். அருகில் குடியிருந்த ஓர் ஏழை விவசாயக் குடும்பம்தான் அன்றிரவு எங்களுக்குக் கதவைத் திறந்தது. அல்ஹம்துலில்லாஹ், விடியும்போது மகள் தேறியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தறப்பாளைத் தூக்கி எறிந்து விடத்தான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது பிழை துணியில் இல்லை, எங்கள் அறியாமையில்தான் இருந்தது என்பது விளங்கியது.

பெண்களின் கைவேலை

கூடாரம் அடிப்பது ஆண்களின் வேலை என்று நாம் நினைக்கிறோம். உண்மை அப்படியல்ல. அரபு நாட்டுப் பாலைவனங்களில் வாழ்ந்த பதவீ மக்களின் கறுப்புக் கூடாரங்களை நெய்தவர்களும் கட்டி எழுப்பியவர்களும் பெண்களே. ஆட்டு மயிரைத் திரித்து, கீற்றுக் கீற்றாக நெய்து, அவற்றைச் சேர்த்துத் தைத்தார்கள். வெயிற்காலத்தில் அந்த நெசவின் இடுக்குகளால் காற்று வந்து போகும். மழை பட்டால் மயிர் இழைகள் ஊதிப் பருத்து இடுக்குகளை அடைத்துக் கொள்ளும். இது எவ்வளவு நுட்பமான அறிவு பாருங்கள்!

இன்னொரு பெண்மணியின் கதையையும் கேளுங்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேற்வுட் பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். 1955ஆம் ஆண்டு, தமது 67ஆவது வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்தார். ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர் நீளமான பாதை அது. அவரிடம் கூடாரம் கிடையாது. தாமே தைத்த ஒரு துணிப்பை, ஒரு கம்பளி, ஒரு மழைக்கோட்டு, மழைக்கு மேலே பிடித்துக் கொள்ளக் குளியலறைத் திரையாகத் தொங்கவிடும் ஒரு பிளாஸ்டிக் சீலை ஆகியவையே அவருடைய உடைமைகள். பாரம் குறைந்தால் பயணம் இலேசாகும் என்பதை இந்த மூதாட்டி அன்றே செய்து காட்டினார். பிற்பாடு 1990களில் ரே ஜார்டீன் என்ற அமெரிக்க நடைப்பயணி தமது நூல்களில் கூடாரத்தை விட்டுத் தறப்பாளுக்கு மாறும்படி எழுதியதையடுத்து இந்த முறை பலரிடமும் பரவியது.

கூடாரமா, தறப்பாளா?

நான்கு பேர் படுக்கும் சாதாரணக் குடும்பக் கூடாரம் நான்கு, ஐந்து கிலோவாவது இருக்கும். அதே நான்கு பேரை மூடும் இலேசான தறப்பாள், கயிறு, முளைகள் எல்லாம் சேர்ந்தே ஒரு கிலோ அளவில்தான் வரும். காற்று தாராளமாக உள்ளே வந்து போவதால், மூடிய கூடாரத்தில் போல மூச்சுக் காற்று உள்ளே வியர்த்துச் சொட்டும் தொல்லையும் குறைவு.

அதற்காகக் குறைகளை மறைக்கக் கூடாது. தறப்பாளுக்கு அடித்தளம் இல்லை, கதவு இல்லை, நுளம்பு வலை இல்லை. கட்டத் தெரியாதவர் கையில் அது வெறும் சீலைதான். ஆகவே வாங்குமுன் கட்டப் பழக வேண்டும் என்பதை மனதில் வைத்துக் கொண்டு மேலே வாசியுங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

கடைகளில் கிடைக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் தறப்பாள் விலை குறைந்தது. வீட்டு வேலைக்கு நல்லது. ஆனால் பாரம் கூடியது, மடித்தால் பருமனாக நிற்கும். முதுகில் சுமப்பதற்கென்றே செய்யப்படும் துணிகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, சிலிக்கோன் பூசிய நைலோன். மெல்லியது, உறுதியானது. ஆனால் ஈரம் பட்டால் இழுபட்டுத் தளரும். மாலையில் இறுக்கிக் கட்டியதை மழை தொடங்கியதும் மறுபடி இறுக்க வேண்டும். இரண்டாவது, சிலிக்கோன் பூசிய பொலியெஸ்டர். இது ஈரத்தில் அவ்வளவாகத் தளராது. நம் நாட்டு மழைக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். மூன்றாவது, டைனீமா என்ற இழையால் ஆனது. மிக மிக இலேசானது, தளரவே தளராது; ஆனால் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். குடும்பத்தோடு வருடத்தில் ஓரிரு முறை போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

துணியின் நீர் தாங்கும் திறனை மில்லிமீற்றரில் குறித்திருப்பார்கள். 1,500 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமானது. அடுத்து அளவு. இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு சிறு பிள்ளைக்கும் 3 மீற்றருக்கு 3 மீற்றர் போதும். நான்கு பேர் என்றால் 3 மீற்றருக்கு 4 மீற்றர் வாங்குங்கள். சிக்கனம் என்று சிறியதை வாங்கினால் ஓரத்தில் படுப்பவர் நிச்சயம் நனைவார். அந்த ஓரம் பெரும்பாலும் உம்மாவின் இடம்தான்!

மூலைகளையும் ஓரங்களையும் நன்றாகப் பாருங்கள். கயிறு கட்டும் காதுகள் மூலைக்கு ஒன்றும், ஒவ்வொரு ஓரத்தின் நடுவிலும் ஒன்றுமாவது இருக்க வேண்டும். அந்த இடங்களில் துணி இரட்டையாக வைத்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். தறப்பாள் கிழிவதென்றால் முதலில் அங்கேதான் கிழியும்.

வீட்டிலேயே தைக்கலாமே!

தையல் இயந்திரம் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. ஒன்றரை மீற்றர் அகலத் துணி கிடைத்தால், ஆறு மீற்றரை இரண்டு மூன்று மீற்றர் துண்டுகளாக வெட்டி, நடுவில் சேர்த்துத் தைத்தால் 3 மீற்றருக்கு 3 மீற்றர் வந்து விடும். அந்த நடுத்தையலே கூரையின் முகடாக அமையும். ஜீன்ஸ் காற்சட்டையின் பக்கத்தையல் போல, இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், உக்கி விடும். பொலியெஸ்டர் நூலைப் பாவியுங்கள். மெல்லிய ஊசி போடுங்கள். இத்துணியில் குண்டூசி குத்தினால் அந்தத் துளை அப்படியே நிற்கும். ஆகவே பிடிமானத்துக்குக் குண்டூசியை ஓர மடிப்புக்குள் மட்டுமே குத்துங்கள். தைத்து முடிந்ததும் நடுத்தையலின் மேல் சிலிக்கோன் பசையை மெல்லிதாகத் தடவிக் காய விடுங்கள். சிலிக்கோன் பூசிய துணியில் சிலிக்கோன் பசைதான் பிடிக்கும். கடையில் வாங்கிய தறப்பாளிலும் முகட்டுத் தையலுக்குப் பசை பூசப்பட்டுள்ளதா என்று கேட்டுப் பாருங்கள்.

இடம் பார்ப்பது பாதி வேலை

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 9 சதுர மீற்றர் நிலத்தை மூடும் கூரையின் மேல் ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால், அதிலிருந்து வழியும் தண்ணீர் 180 லீற்றர். அதாவது பதினெட்டு வாளித் தண்ணீர். அது எங்கே போகும் என்பதைப் படுக்குமுன் கேட்டுக் கொள்ள வேண்டும். நாங்கள் பள்ளத்தில் கட்டியதால் அது எங்கள் பாயைத் தேடித்தான் வந்தது.

ஆகவே சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயர்ந்த, இலேசாகச் சரிந்த நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். வற்றிய ஓடைப் படுக்கையிலும் ஆற்றின் கரையோரத்திலும் ஒருபோதும் தங்கக் கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் வானம் வெளித்திருக்க, மலையுச்சியில் பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக இறங்கலாம். மேலே அண்ணாந்து பாருங்கள்: காய்ந்த கொப்புகள் உள்ள மரத்தின் கீழும் தென்னையின் கீழும் வேண்டாம். இடி மின்னல் காலத்தில் தனித்து நிற்கும் மரத்தை நாட வேண்டாம்.

மலைநாட்டில் செங்குத்தான சரிவின் அடிவாரத்தைத் தவிருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016 மே 17இல் அரநாயக்கவிலும் மண்மலை சரிந்து குடியிருப்புகளையே மூடியதை நாம் மறந்து விட முடியாது. புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துக் கொள்ளுங்கள். யானை நடமாடும் பகுதிகளில் தறப்பாளுடன் தங்கவே கூடாது. பாதுகாக்கப்பட்ட காடுகளில் உரிய திணைக்களத்தின் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் தங்க வேண்டும்.

கட்டும் முறை

கூரை வீட்டின் முகடு போல இரண்டு பக்கமும் சரிவாகக் கட்டும் முறையே குடும்பத்துக்கு ஏற்றது. 3 மீற்றருக்கு 4 மீற்றர் தறப்பாளை வைத்துச் சொல்கிறேன்.

ஐந்து அல்லது ஆறு மீற்றர் இடைவெளியில் நிற்கும் உறுதியான இரண்டு மரங்களைப் பாருங்கள். பன்னிரண்டு மீற்றர் கயிறு ஒன்றை அவற்றுக்கிடையே, நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். நம் நெஞ்சளவு உயரம் என்று வைத்துக் கொள்ளலாம். தறப்பாளை, இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு மீற்றர் தொங்கும்படி அதன் மேல் போடுங்கள். முகட்டின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இழுத்துக் கயிற்றில் கட்டுங்கள். முகடு தொய்ந்தால் எல்லாமே தொய்ந்து விடும்.

பிறகு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். திறந்த வாய்ப்பக்கம் காற்றுக்கு நேரே இருக்கக் கூடாது. சரிவுப் பக்கமே காற்றை எதிர்கொள்ள வேண்டும். காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகளையும் முதலில் முளை அடித்து நிறுத்துங்கள். அடுத்து மற்ற இரண்டையும், கடைசியாக ஓரங்களின் நடுக் காதுகளையும் கட்டுங்கள். மூலைக் கயிறுகள் நேர்ப் பக்கமாக அல்லாமல், மூலைவிட்டமாக வெளியே இழுபட வேண்டும். முளையின் தலை தறப்பாளிலிருந்து அப்பால் சாய்ந்திருக்க வேண்டும். மண் இளகியதாக இருந்தால் முளையின் மேல் ஒரு கனத்த கல்லை வையுங்கள். எங்களைக் கைவிட்டது அந்த ஒரு முளைதானே!

இப்படிக் கட்டினால் உள்ளே ஏறத்தாழ 3 மீற்றருக்கு 3 மீற்றர் இடம் கிடைக்கும். நான்கு பேர் நெருங்கிப் படுக்க இரண்டேகால் மீற்றர் அகலம் போதும். மீதி இரண்டு ஓரங்களிலும் சாரலுக்கு விட வேண்டிய இடம். அதில் பாய் போடாதீர்கள். கடும் மழை, காற்று என்றால் முகட்டை ஒரு மீற்றருக்கு இறக்கி, ஓரங்களை நிலத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

மரத்தில் வழியும் தண்ணீர் முகட்டுக் கயிற்றின் வழியே உள்ளே வரும். இதற்கு எளிய வழி உண்டு. மரத்துக்கும் தறப்பாளுக்கும் இடையில், கயிற்றில் ஒரு சாண் நீள நூலைக் கட்டித் தொங்க விடுங்கள். தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக் கீழே சொட்டி விடும்.

கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் ஒரே ஒரு முடிச்சைப் பழகினால் போதும். நுனியை முளையைச் சுற்றி மேலே கொண்டு வாருங்கள். தறப்பாளிலிருந்து வரும் நேர்க் கயிற்றின் மேல், கண்ணியின் உட்பக்கமாக இரண்டு முறை சுற்றுங்கள். பிறகு அந்தச் சுற்றுகளைத் தாண்டி, மேற்பக்கமாக அதே திசையில் இன்னொரு சுற்றுச் சுற்றி, நுனியை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். முடிச்சைக் கையால் தள்ளினால் நகரும். கயிறு இழுத்தால் நின்று பிடிக்கும். கயிறு வழுக்கினால் உட்பக்கம் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். வீட்டில் கதிரைக் காலில் பத்து முறை கட்டிப் பார்த்தால் கை பழகி விடும்.

கீழே விரிக்கும் பொலித்தீன் கூரையின் அளவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக் கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை ஏந்தி உள்ளே கொண்டு வரும். ஓரங்களை மேல் நோக்கி நாலு விரல் மடித்து விடுங்கள்.

பெண்களுக்காகச் சில வார்த்தைகள்

திறந்த தறப்பாளில் மறைவு எப்படி என்று கேட்பீர்கள். வாய்ப்பக்கங்களில் ஒரு பழைய போர்வையையோ புடவையையோ உடுப்புக் கவ்வியால் தொங்க விட்டால் தீர்ந்தது. மழை வந்தால் காற்றுப் பக்கத்தை மட்டும் மூடி மற்றதை எடுத்து விடுங்கள். உடை மாற்றவும் வுழூச் செய்யவும் சற்றுத் தள்ளி ஒரு சிறிய சீலை மறைப்புக் கட்டிக் கொள்ளலாம். கிப்லா எந்தப் பக்கம் என்பதை வெளிச்சத்திலேயே பார்த்து வைத்தால் சுபஹுக்குத் தடுமாற வேண்டியதில்லை.

மலசலத் தேவைக்கு ஓடையிலிருந்தும் தங்குமிடத்திலிருந்தும் 60 மீற்றராவது தள்ளிச் சென்று, அரையடிக் குழி தோண்டி மூடி விட வேண்டும். அதே ஓடையில் கீழே யாரோ ஓர் உம்மா குடிதண்ணீர் அள்ளுகிறாள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தறப்பாளின் கீழ் அடுப்பு மூட்டவே கூடாது. இந்தத் துணிகள் தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக் கொள்ளும். வீட்டு நுளம்பு வலையை முகட்டுக் கயிற்றில் தொங்க விடுங்கள். ஈரக் காடுகளில் அட்டைத் தொல்லைக்கு நீண்ட காலுறையும் சவர்க்காரமும் உப்பும் கைவசம் இருக்கட்டும். மருந்தும் டோர்ச்சும் எந்தப் பையில் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். என்னைப் போல இருட்டில் தேடாதீர்கள்.

கைக்குழந்தையுடன் போகிறவர்களும், ஹோட்டன் சமவெளி போன்ற கடுங்குளிர் இடங்களுக்குப் போகிறவர்களும் மூடிய கூடாரத்தையே நாட வேண்டும். 2,000 மீற்றருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் வருடத் தொடக்க மாதங்களில் உறைபனியும் விழுவதுண்டு. முதன் முதலாகத் தறப்பாளைக் கட்டுகிறவர்கள் தங்கள் வீட்டு வளவிலேயே ஒரு மழை நாளில் கட்டிப் பார்ப்பதுதான் புத்தி.

மறு வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். வளவில் நான் கட்டியதைப் பார்த்து மாமி சிரித்தார். "இதென்ன மகள், கொடியில காயப் போட்ட சீலை மாதிரி ஈக்குது!" என்றார். அன்றிரவு மழை பெய்தது. காலையில் மாமியே போய்ப் பாயைத் தொட்டுப் பார்த்து விட்டு, "காஞ்சிதான் கிடக்குது" என்று ஒப்புக் கொண்டார். பிறகு நாங்கள் ரிவஸ்டன் பக்கம் போய், அன்று கதவைத் திறந்த அந்தக் குடும்பத்தையும் பார்த்து விட்டு, மேட்டு நிலத்தில் தங்கினோம். முடிச்சுகளையெல்லாம் போட்டவள் அந்தத் தொய்வுக்கார மகள்தான். சாரல் மழையில் அவள் அயர்ந்து தூங்கினாள். நான்தான் விழித்திருந்து பார்த்துக் கொண்டிருந்தேன்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்து விடாதீர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைப் பகுதிகளில் எத்தனை தாய்மார் ஒரு துண்டுத் தறப்பாளின் கீழ் பிள்ளைகளை அணைத்துக் கொண்டிருந்தார்கள்! வெள்ளமும் புயலும் இந்நாட்டை விட்டுப் போய் விடவில்லை. சென்ற ஒரு மழைக்காலத்தில் எங்கள் அயல் வீட்டின் கூரைத் தகடு காற்றில் பறந்தபோது, நானும் மகளும் அதே தறப்பாளைத் தூக்கிக் கொண்டு ஓடினோம். கால் மணி நேரத்துக்குள் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் ஒரு மறைப்பு இருந்தது.

பயணம் முடிந்து வந்ததும் ஈரத்தோடு சுருட்டி வைத்து விடாதீர்கள். பூஞ்சணம் பிடித்து விடும். நிழலில் நன்றாகக் காய வைத்து, கயிறுகளையும் முளைகளையும் ஒரே பையில் போட்டு, கைக்கெட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதும், எப்படிக் கட்டுவது என்பதும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். உங்கள் பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒரு முடிச்சை இந்த விடுமுறையிலேயே பழக்கி விடுங்கள்.